பெற்றுக்கொண்டவர்: அம்மா

முந்தின நாள் ராத்திரி சமையலறைக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன சின்னவன், மறுநாள் காலை அதே கதவைத் திறந்துகொண்டுதான் உள்ளே வந்தான். வேறு வழி? டீ அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

பெரியவள் அடுப்பருகே நின்றாள். அவளைத் தாண்டித்தான் டம்ளரை எடுக்க வேண்டும். உடம்பைக் குறுக்கிக்கொண்டு தாண்டினான். 'கொஞ்சம் நகரு' என்று சொல்லிவிட்டால் வாய்முத்து உதிர்ந்துவிடுமே!

"அப்பா, சக்கரை டப்பா எங்கன்னு கேளுங்க."

கூடத்தில் இருந்த அப்பா, "சக்கரை டப்பா எங்கம்மா?" என்றார்.

"அவன் மூக்குக்கு நேரா இருக்குன்னு சொல்லுங்கப்பா."

"உன் மூக்குக்கு நேரா இருக்காம்டா."

அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் பேச்சு இப்படித்தான், அப்பா வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இருக்கிற ஆட்களையெல்லாம் மாடிக்கும் தரைக்கும் ஏற்றி இறக்கியது போதாதென்று, இப்போது பிள்ளைகளின் வார்த்தைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்.

சின்னவன் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று சொல்ல முடியாது. அம்மாவின் நோய் இனிக் குணமாகாது என்று டாக்டர் சொன்னது பெரியவளிடம் மட்டும்தான். மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்கிறவள். சீட்டில் எழுதியிருந்த மருந்தின் பேரைப் பார்த்தபோதே அவளுக்குப் பாதி விளங்கியிருந்தது. தம்பியிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமோ, "அடுத்த மாசம் நீ எழுந்து நடக்கப்போற பாரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

சின்னவனுக்கு விஷயம் தெரிந்தது கடைசி நாளன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொன்னதால்தான்.

"அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாம அனுப்பிட்டியே. எனக்குன்னு ஏதாவது சொல்லிட்டுப் போகணும்னு அவங்களுக்கு இருந்திருக்காதா? அதுக்கும் வழியில்லாம பண்ணிட்ட."

அக்காவிடம் அவன் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அது.

கூடத்தில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அம்மாவின் ஃபோன்.

அந்த ஃபோனை அப்பா தினமும் காலையில் சார்ஜ் போடுகிறார். யார் கையிலும் கொடுப்பதில்லை. சார்ஜ் போட்டு, துடைத்து, மேஜையில் தன் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். யார் கூப்பிடப்போகிறார்கள் என்று அவரிடம் கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "முந்தாநாள் ஒப்படைக்கப்பட்ட உங்கள் ஆர்டருக்கு மதிப்பெண் வழங்குங்கள். பெற்றுக்கொண்டவர்..."

நின்றுவிட்டார்.

"என்னப்பா?" பெரியவள் கரண்டியோடு வந்தாள். சின்னவன் டம்ளரோடு வந்தான். இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பெற்றுக்கொண்டவர்: அம்மா.

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. யாரும் போகவில்லை.

"யாருப்பா ஆர்டர் போட்டது?" என்றாள் பெரியவள்.

"அவதான். ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

"என்னன்னு?"

அப்பா ஃபோனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "இங்க ஒண்ணும் வரலையே. முந்தாநாள் முழுக்க நான் வீட்லதானே இருந்தேன்? யார்கிட்ட கொடுத்தாங்க?" அவர் குரல் உயர்ந்தது. "யார்கிட்ட கொடுத்துட்டுப் போனான்?"

அப்பா இப்படிச் சத்தம் போட்டு பெரியவள் பார்த்ததில்லை. அம்மா போன அன்றுகூட அவர் குரல் உயரவில்லை.

"விடுங்கப்பா. நான் பேசி ரீஃபண்ட் வாங்கிடறேன்."

"ரீஃபண்டா? பணத்தை வச்சு நான் என்ன பண்ண? பொருள் வரணும். அதைக் கேளு."

"அப்பா, இல்லாதவங்க பேர்ல அக்கவுன்ட் எதுக்கு?" என்றான் சின்னவன். "மெசேஜ் வந்துக்கிட்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படி உக்காந்து நடுங்குவீங்களா? மூடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு டிரைவிங் பள்ளிக்குக் கிளம்பினான். அவன் அங்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் தப்பு செய்வதற்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை.

*

மத்தியானம் சாப்பாட்டு வேளையில், மருந்துக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பெரியவள் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்தாள். இசையைக் கேட்டுக் கேட்டு அவள் கையிலிருந்த ரொட்டி காய்ந்துபோன பிறகு ஒரு இளங்குரல் வந்தது.

"பொருள் எங்களுக்கு வரலைங்க. ஆனா வந்துட்டதா மெசேஜ் வந்திருக்கு."

"ஒரு நிமிஷம் மேடம்... டெலிவரி ஆயிடுச்சு மேடம். உங்க அம்மா வாங்கியிருக்காங்க."

"அவங்க வாங்கியிருக்க முடியாது."

"வீட்ல அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க மேடம். சில நேரம் வாங்கி எங்கயாவது வச்சுட்டு மறந்துடுவாங்க."

கேட்க முடிந்தால் அவள் எத்தனையோ கேட்டிருப்பாள். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

"எங்க அம்மா இறந்துட்டாங்க."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"சாரி மேடம்." அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள் என்று குரலில் தெரிந்தது. ஆனாலும் பாவம், சொல்லிக்கொடுத்த பாடத்துக்குத்தான் திரும்பிப் போகத் தெரிந்தது. "ரீஃபண்ட் வேணும்னா, அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும் மேடம்."

"அவங்கதான் எங்க அம்மா."

மறுபடி இசை. இந்த முறை வந்தது கொஞ்சம் முதிர்ந்த குரல், மேலதிகாரி. இறப்புச் சான்றிதழை அனுப்பினால் போதும் என்றார். பொருள் தவறான இடத்தில் ஒப்படைக்கப்பட்டதாகப் புகார் பதிவாகும், கொண்டுவந்தவர் மேல் விசாரணை போகும், பணம் திரும்பி வந்துவிடும். அதோடு அந்த ஆர்டர் முடிந்தது. அதன் பிறகு பொருள் கிடைத்தாலும் அது கம்பெனியைச் சேர்ந்தது.

"அது என்ன பொருள்னு சொல்ல முடியுமா?"

"பெண்கள் நடைப்பயிற்சி ஷூ, மேடம். சாம்பல் கலர். ஒரு ஜோடி."

பெரியவள் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மாசம் நீ எழுந்து நடக்கப்போற பாரு. அவள்தான் சொன்னாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பூங்காவைச் சுற்றி ரெண்டு பேரும் நடப்போம் என்றுகூட ஒரு நாள் சேர்த்துச் சொன்னாள். பாவி மனுஷி, அதை நம்பி, கையில் ஊசி குத்திய இடம் வீங்கியிருக்க, படுக்கையில் இருந்துகொண்டே ஷூ வாங்கியிருக்கிறாள். தம்பி சொன்னது சரிதான். அம்மாவை முட்டாளாக்கி அனுப்பி வைத்தவள் அவள்தான்.

அந்த ஷூ வீட்டுக்கு வரக்கூடாது. அப்பா பார்க்கக்கூடாது. தம்பி பார்க்கவே கூடாது. அவனுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

"ரீஃபண்டே போட்டுடுங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சான்றிதழை அனுப்பறேன்" என்றாள்.

கவுன்டருக்குத் திரும்பி ஒருவருக்குக் கண் சொட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. புது எண். பின்னால் போக்குவரத்து இரைச்சல்.

"அம்மா, நான்தாங்க டெலிவரி கொடுத்தவன். என்மேல புகார் போகப்போகுதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நான் கையிலதாங்க கொடுத்தேன். ஒரு அம்மா வாங்கிக்கிட்டாங்க."

"யார் அம்மா?"

"அது தெரியாதுங்க. நரைச்ச தலை. மரியாதையா நன்றி சொன்னாங்க."

"அதுக்கு அம்மான்னா போடுவீங்க?" அவள் குரல் கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "அம்மான்னு எதுக்குப் போட்டீங்க?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "வேற எப்படிங்க போடறது? ஐயா வாங்கினா ஐயான்னு போடுவேன். அம்மா வாங்கினா அம்மா. பெரியவங்ககிட்ட பேரைக் கேட்டா கோவிச்சுக்கறாங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெற்றவளும் நமக்கு அம்மாதான், கதவைத் திறக்கிற முன்பின் தெரியாதவளும் அம்மாதான், மருந்துக்கடையில் நிற்கிற இந்தப் பெண்ணும் இப்போது அவருக்கு அம்மாதான். கம்ப்யூட்டர் இதையெல்லாம் எங்கே கண்டது? எழுதியதை அப்படியே அனுப்பிவிட்டது.

"எந்த வீட்ல கொடுத்தீங்க?"

"உங்க கேட்டுக்குள்ள நுழைஞ்சா பின்னாடி ஒரு கட்டடம் இருக்குல்ல, அதுல கீழ் வீடு. நம்பர் சரியாத்தாங்க இருந்துச்சு."

"நாங்க முன் கட்டடம்."

"ரெண்டு கட்டடத்துக்கும் ஒரே நம்பரை வச்சா நான் என்னங்க பண்ணுவேன்?" அவர் குரல் இறங்கியது. "இந்தப் புகார் ஏறிடுச்சுன்னா என்னை நிறுத்திடுவாங்க. ஒரே ஒரு தடவை அங்க போய்ப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

*

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே துணிக்கொடிகளும், காற்று இறங்கிய சைக்கிள்களும்தான். ஆனாலும் பெரியவள் அந்தப் பக்கம் போனதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து நேராக அங்கே போய்க் கீழ் வீட்டு மணியை அழுத்தினாள். உள்ளே புது ரப்பர் தரையில் உரசும் கீச்சுச் சத்தம் நெருங்கி வந்தது.

கதவைத் திறந்தவர் சின்ன உருவம், நரைத்த தலை. காலில் சாம்பல் நிற ஷூ.

"என்னம்மா, காலையே பாக்கற? வீட்டுக்குள்ளயும் ஷூ மாட்டிக்கிட்டுத் திரியறாளேன்னா?" அந்த அம்மாள் சிரித்தாள். "என் பையன் அனுப்பினது. கழட்ட மனசு வரல."

"உங்க... பையனா?"

"தூரத்துல இருக்கான். எனக்கும் அவனுக்கும் ஒரு மனஸ்தாபம், பேச்சே நின்னு போச்சு. நானும் கூப்பிடல, அவனும் கூப்பிடல. முந்தாநாள் பாரு, திடுதிப்னு இது வந்து நிக்குது. கோவம் தீந்துடுச்சுன்னு வாயால சொல்ல வெக்கம் போல. உள்ள வாம்மா. நீ மருந்துக்கடைப் பொண்ணுதானே? எனக்கு இருமல் மருந்து கொடுத்திருக்க."

உள்ளே போனாள். போகாமல் என்ன செய்வாள்? ஒற்றை அறை, துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஷூ வந்த பெட்டிகூட அலமாரி மேல் அழகாக வைக்கப்பட்டிருந்தது.

"ஒரே ஒரு குறை. கொஞ்சம் பெருசு. உள்ள கால் நீந்துது. முன்னாடி பஞ்சு அடைச்சுக்கிட்டேன். பெத்தவ கால் அளவுகூட மறந்துட்டான் பாரு." அந்தக் குறையைக்கூட அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

"எவ்வளவு பெருசு?"

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றி, அதன் நாக்குப் பட்டையை இழுத்து அளவைக் காட்டினாள். எட்டு.

பெரியவள் அதைக் கையில் வாங்கினாள். மறுபடி பார்த்தாள். எட்டுதான்.

அம்மாவுக்குக் கால் சின்னது. ஐந்து. கடைகளில் சிறுமிகள் பக்கம் போய் வாங்குகிற கால். எட்டு அவர்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான். செருப்புக் கடைக்காரர்கள் முகத்தைப் பார்க்காமல் ஆண்கள் பக்கம் கை காட்டுவார்களே, பெரியவளுக்கு.

ஆஸ்பத்திரியில் அவள் வேலை முடிந்து நேராகப் போய்க் கட்டில் பக்கம் நிற்பாள். அம்மா முதலில் பார்ப்பது அவள் காலைத்தான். "நாள் பூரா நிக்கற. குதிகால் என்னத்துக்கு ஆகும்? இந்தத் தேஞ்ச செருப்பைத் தூக்கிப் போடேன்டி." அவள், "முதல்ல நீ எழுந்து நட. அப்புறம் எனக்குச் செருப்பு வாங்கலாம்" என்பாள். அம்மா தலையை ஆட்டுவாள்.

அந்த 'அப்புறம்' வரைக்கும் அம்மா காத்திருக்கவில்லை; நடக்கப்போவதாக நினைக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அத்தனை நாளும் தலையாட்டியிருக்கிறாள்.

முதலில் பெரியவளுக்கு வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வந்தது வேறு. எல்லாம் தெரிந்துகொண்டு, பொய் சொல்லும் மகளிடம் அதைச் சொல்லவும் முடியாமல், அந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்தாளா? பயமாக இருந்திருக்குமே. யாரிடம் சொல்லி அழுதிருப்பாள்? பெரியவள் அந்த ஷூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா ஆச்சு? தண்ணி வேணுமா?"

ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாம். 'சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்' என்றால் முடிந்தது. இந்த அம்மாளுக்கு மகன் கிடைத்தது கிடைத்தபடி இருப்பான். ஆனால் ஒருத்தியை இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசித் தனியாக விட்டாள். இன்னொருத்தியையும் அப்படி விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

"அம்மா" என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "அம்மா, நான் உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். வீட்டு எண் குழப்பத்தைச் சொன்னாள், ஆஸ்பத்திரியைச் சொன்னாள், எட்டாம் நம்பர் யாருடையது என்பதையும் சொன்னாள். முடிந்ததும் அந்த அம்மாள் குனிந்து இன்னொரு ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்த பஞ்சை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டாள்.

"பெட்டி மேல வேற பேர் இருந்துச்சும்மா" என்றாள். "படிச்சேன். படிக்காத மாதிரி இருந்துட்டேன்."

பெரியவள் அலமாரி மேலிருந்த பெட்டியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கடைக்காரங்க ஏதோ தப்பாப் போட்டிருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவனுக்கு என் கால் அளவு நல்லாத் தெரியும். மறக்கற பையன் இல்ல." ஈரத்துணி எடுத்து ஷூவின் அடியைத் துடைக்கத் தொடங்கினாள். "ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு."

"நீங்களே வச்சுக்குங்கம்மா. நான் வேற..."

"சும்மா இரு. உன்னைப் பெத்தவ உனக்குன்னு வாங்கினதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி நடப்பேன்? எனக்குக் கால் வருமா?"

"உங்க பையனை நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்களேன்."

"என்ன சொல்லிக் கூப்பிடறது?" துடைத்த ஷூக்களைப் பெட்டியில் வைத்து மூடினாள். "ஷூ வந்துச்சுடான்னு சொல்லி இன்னைக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

*

கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டு அப்பா காத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கெடச்சிருச்சா? எங்க இருந்துச்சு?"

"பின் கட்டடத்துலப்பா."

"போட்டுப் பாத்தியா? சரியா இருக்கா உனக்கு?"

பெரியவள் அப்படியே நின்றாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. யாருக்கு என்றும் சொல்லவில்லை.

"எட்டுன்னு அவ அடிச்சுச் சொன்னா. நான் ஒம்பதுன்னேன். கட்டில்ல படுத்துக்கிட்டே என்னோட சண்டை" என்றார் அப்பா. "அவ சொன்னதைத்தான் போட்டேன். என்னைக்கு நான் ஜெயிச்சேன்?"

"உங்களுக்கும் தெரியுமாப்பா?"

"ரெண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் உன்கிட்ட சொன்ன மறுநாளே அவ அவரைப் பிடிச்சுக் கேட்டுட்டா. அவ யாரு? விடுவாளா?"

"அப்புறம் ஏம்பா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல? நான் தினமும் வந்து உளறிக்கிட்டு..."

"உளறட்டும்னா. நீ சிரிச்ச முகமா வந்து பூங்கா, நடைன்னு பேசறது அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு. தெரியும்னு சொன்னா நீ அழுவ. நீ கெளம்பிப் போனதும் நாங்க ரெண்டு பேரும் அழுதுக்குவோம். அது போதும், பிள்ளைங்க வேற எதுக்குன்னா."

தனியாக இல்லை. அம்மா தனியாக அழவில்லை. பெரியவள் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அப்பா அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவன் வந்தது அப்போதுதான். அக்கா அழுவதைப் பார்த்தான், பார்க்காத மாதிரி செருப்பைக் கழற்றினான். பேச்சை வழக்கம்போல அப்பாவிடம் இறக்கினான்.

"அப்பா, அந்த அக்கவுன்ட் தொல்லை தீந்துச்சு. மத்தியானம் ஒரு ஆள் வண்டி கத்துக்க வரல, அந்த நேரத்துல பேசி முடிச்சுட்டேன். வீட்லேர்ந்து ஏற்கெனவே ஒருத்தர் ரீஃபண்ட் கேட்டிருந்தாங்களாம், அதனால சுலபமாப் போச்சு. சான்றிதழ் என் ஃபோன்லயே இருந்துச்சு. எல்லாத்தையும் ரத்து பண்ணுங்க, மூடுங்கன்னுட்டேன். ரெண்டு ஆர்டராம். கொடுத்துட்டதாச் சொன்னது ஒண்ணு, வழியில வந்துக்கிட்டிருந்தது ஒண்ணு. ரெண்டுக்கும் ரீஃபண்ட்."

அப்பாவின் கை பெரியவள் தலையிலிருந்து விழுந்தது.

"வழியில வந்ததையா?"

"ஆமா. திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். இனிமே மெசேஜ் வராது."

"டேய்..." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "அது உனக்குடா."

"எது?"

"ரெண்டாவது. அவ உனக்குன்னு போட்டது."

சின்னவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "எனக்கு எப்படிப்பா? அம்மாவுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

"எல்லாம் தெரியும்டா அவளுக்கு. தெரிஞ்சுதான் யோசிச்சு யோசிச்சுப் போட்டா. இவளுக்கு இது. உனக்கு அது."

சின்னவன் அக்கா மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தான். சாம்பல் ஷூவைப் பார்த்தான். பிறகு அவள் காலைப் பார்த்தான். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த கால்தானே, அவனுக்கு விளங்க நேரமாகவில்லை.

"எனக்கு என்னப்பா போட்டாங்க?"

"சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். அவன் கையால பிரிச்சாத்தான் அவனுக்குப் புரியும்னா. சொல்ல வேண்டியதெல்லாம் அதுல இருக்குன்னா."

மேஜை மேல் டிங் என்றது. அப்பா எடுத்துப் படித்தார், இந்த முறை மனசுக்குள். படித்துவிட்டு ஃபோனை மகனிடம் நீட்டினார். அம்மா போனதிலிருந்து அதை அவர் இன்னொருவர் கையில் கொடுத்தது அப்போதுதான். பணம் திருப்பி அனுப்பப்பட்டது, ஆர்டர் முடிவடைந்தது, எங்களோடு இணைந்திருந்ததற்கு நன்றி என்று இருந்தது.

சின்னவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வலது கால் தரையில் எதையோ மிதித்து அழுத்தியது. கடைசியில் அப்பாவைத் தாண்டி வந்து, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது. "அதைத் திரும்ப வரவழைக்க முடியுமாக்கா?"

முடியும்டா, ஏன் முடியாது, நாளைக்கே வந்துடும் என்று சொல்லிவிட அவள் வாய் பரபரத்தது. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலடா" என்றாள்.